ஒரு சாண், ஒரு பாய், ஒரு மண்டபம்

கல்யாணப் பெண்ணின் முகத்தை எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள்? அக்கா எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் வீட்டின் முன்னறை. ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி, சுவரில் ஆளுயரக் கண்ணாடி, பழைய தையல் மெஷின் மேல் துணி விரித்து அடுக்கிய பிரஷ்கள். அக்காவிடம் மேக்கப் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர்கள் நாலு பேர். பெட்டியைத் திறந்து காட்டுவார் என்று காத்திருந்த எங்கள் முன் அக்கா கையை விரித்துக் காட்டினார்.

"ஒரு சாண். மாப்பிள்ளை தாலி கட்டக் குனியும்போது அவ்வளவுதான் இடைவெளி. அடுத்தது ஒரு பாய். ஐயர், வீடியோக்காரர், மணையைச் சுத்தி நிக்கிற சொந்தக்காரங்க. அப்புறம் ஒரு மண்டபம். கடைசி வரிசையில உக்காந்திருக்கிற பாட்டிக்கும் பொண்ணு முகம் தெரியணும். மூணு தூரத்துக்கும் இருக்கிறது ஒரே முகம். அதை மூணு பேருக்கும் செஞ்சு குடுக்கணும்."

அதன்பின் அக்கா கற்றுக்கொடுத்த எல்லாம் இந்த மூன்று அளவுக்குள் அடங்கியது. மேக்கப்பை நிறத்தின் கலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தூரத்தின் கலை என்று அவரிடம் கற்றேன்.

முதல் பத்து நாள் யார் முகத்திலும் கைவைக்க விடவில்லை. பிரஷ் கழுவினோம். பிரஷ்ஷைத் தலைகீழாகச் சாய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் அடிப்பகுதிக்குள் இறங்கினால் பசை விட்டு முடி உதிரும். கிரீமை டப்பாவிலிருந்து விரலால் தொடக் கூடாது. சிறு கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்து, அங்கிருந்துதான் முகத்துக்குப் போக வேண்டும். புதுப் பொருள் எதுவானாலும் முதல்நாளே காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் கைப்பழக்கம் ஆன பிறகு, பார்க்கச் சொன்னார்.

வெறும் பார்வைதான். ஒரு தாளில் முகத்தின் கோட்டை வரைந்துகொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவளின் முகத்தில் எங்கெங்கே என்ன நிறம் என்று குறிக்க வேண்டும். நான் "மாநிறம்" என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தேன். அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்து, ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் போனார். மறுபடி பார்த்தேன். நெற்றியின் ஓரம் வெயில் பட்டுக் கருத்திருந்தது. வாயைச் சுற்றிச் சாம்பல் கலந்த பழுப்பு. கண்ணுக்குக் கீழே மெல்லிய நீலம். மூக்கின் இரு பக்கமும் செம்மை. கன்னத்து மேட்டில் தேன். உதட்டின் ஓரத்தில் நாவல் பழத்தின் சாயல். தாடைக்குக் கீழே, வெயில் எட்டாத இடத்தில், அவளுடைய சொந்த நிறம். ஒரு முகத்தில் ஏழு எண்ணினேன். ஐந்து வருஷமாக என்னோடு பஸ்ஸில் வந்தவள் அவள். அன்றைக்குத்தான் அவளைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

மாநிறம் என்ற சொல்லையும் அன்றுதான் கவனித்தேன். மாந்தளிரின் நிறத்தைப் பெண்ணின் மேனிக்குச் சொல்லும் வழக்கம் சங்க காலத்திலிருந்தே உண்டு, மாமை என்றார்கள். டவுன்ஷிப் வீட்டுத் தோட்டங்களில் மாமரம் இல்லாத தெரு குறைவு. துளிர்விடும் பருவத்தில் ஒரு கிளையை வளைத்துப் பாருங்கள். செம்பு, ஊதா, பழுப்பு, இலை விரிய விரிய ஒரு பச்சை. ஒரே சொல்லுக்குள் இத்தனை நிறத்தை வைத்த மொழியில், வெளுத்த பெண்ணைச் "செவப்பு" என்கிறோம். வெள்ளைக்கும் நம் நாக்கு இரத்த ஓட்டத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறது. அக்கா இதைப் பாடமாகவே சொல்வார்: "உயிருள்ள முகத்துக்குள்ள சிவப்பு ஓடும். அதை மூடிட்டீங்கன்னா சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரிதான்."

பெண்ணின் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த பவுண்டேஷன் கேட்டு வரும் வீட்டார் உண்டு. அக்கா மறுக்கமாட்டார், பெண்ணை ஜன்னலுக்குக் கூட்டிவந்து, தாடையோரம் மூன்று கோடு இழுப்பார். ஒன்று அவர்கள் கேட்டது, ஒன்று சற்று அழுத்தமானது, ஒன்று சரியானது. பகல் வெளிச்சத்தில் சரியான கோடு கண்ணெதிரே மறைந்துபோகும். மற்ற இரண்டும் அழுக்குப்போல நிற்கும். அம்மாக்கள் அந்த மறைந்த கோட்டைத் தேடித் தேடிப் பார்ப்பார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த நொடி அது. எது காணாமல் போகிறதோ அதுதான் பொருந்தியது. ஒப்பனை என்ற சொல்லுக்குள் ஒப்பு இருப்பதை அந்தக் கோட்டில்தான் கண்டேன்.

கண்ணுக்குக் கீழே இருக்கும் நீலத்தை வெளிர் நிறத்தால் மூடினால் சாம்பல் பூக்கும். நீலத்துக்கு எதிர் நிறம் ஆரஞ்சு. அதைத்தான் முதலில் இட வேண்டும். நம் தோலுக்கு வெளிர் பீச் போதாது, நல்ல ஆரஞ்சே வேண்டும். முதல்முறை பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும், கண்ணுக்குக் கீழே காவிப் பொட்டு வைத்த மாதிரி. மோதிர விரலால் தட்டத் தட்ட நீலமும் ஆரஞ்சும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு, தோல் மட்டும் மிஞ்சும். மோதிர விரல் ஏன் என்றால் அதன் அழுத்தம் குறைவு. அதன்மேல் பவுண்டேஷன் ஒரு பட்டாணி அளவு. நான் கொஞ்சம் தாராளமாக எடுத்தபோது அக்கா சொன்னார்: "கடலூர் மாவட்டத்துக்காரிக்கு அளவு தெரிய வேணாமா? ஷாம்புவையே சாஷேயில அடைச்சு ஊரெல்லாம் குடுத்த ஊருடி நம்முது." கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணனைத்தான் சொன்னார். அவர் பிள்ளைகளில் ஒருவரான ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய கம்பெனிதான் கெவின்கேர்; இன்னொரு பிள்ளை குமரவேலும் அவர் மனைவி வீணாவும் 2000-ல் சென்னையில் தொடங்கியது நேச்சுரல்ஸ். சிற்றூர்ப் பெண்கள் பார்லர் வேலையைப் பிழைப்பாக எண்ணிப் பார்க்க வழி திறந்ததில் இந்த வீட்டுக்கும் பங்கு உண்டு. அக்காவுக்கு அதில் மாவட்டப் பெருமை.

எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காத பாடம் ஒன்று உண்டு: மஞ்சள். முதல்நாள் நலங்கு வைத்திருப்பார்கள். சோப்புப் போட்டுக் குளித்தாலும் மஞ்சள் முழுக்கப் போகாது. புருவ முடியின் அடியில், நெற்றி முடியோரம், காதுமடலின் சுழிப்பில் தங்கிவிடும். டிரையலின்போது சரியாக இருந்த பவுண்டேஷன் கல்யாணத்தன்று காமாலைபோல அடிக்கும். அதனால் அக்கா டிரையலுக்கு வரும் பெண்ணை ஒருமுறை மஞ்சள் பூசிக் குளித்துவிட்டே வரச் சொல்வார். அன்றைய கலவையில் மஞ்சள் சாயல் ஒரு படி குறையும். திரெட்டிங்கையும் நாலு நாள் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். நூல் இழுத்த புதுத்தோலில் மஞ்சள் பட்டால் எரியும். சிலப்பதிகாரத்தில் மாதவியை அலங்கரிக்கும்போது இளங்கோ நகைக்குப் போகும் முன் நீருக்குப் போகிறார்: பத்து வகைத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஊறிய நீரில் கூந்தலை ஆட்டி, புகையில் புலர்த்தி, அதன் பிறகே காலிலிருந்து நகை ஏறத் தொடங்குகிறது. அடித்தளத்துக்கு இத்தனை நேரம் கொடுத்த புலவருக்கு இந்தத் தொழில் தெரிந்திருக்கிறது. கோலம் செய்துவிடுகிறவளுக்கு வண்ணமகள் என்று பழந்தமிழில் பெயரே உண்டு. என் விசிட்டிங் கார்டில் அதைப் போட்டுக்கொள்ள எனக்கு ஆசை.

புருவத்துக்கு நான் கருப்புப் பென்சிலை எடுத்தேன். அக்கா கையைப் பிடித்து நிறுத்தி, "நம்மூரு கரி என்ன நிறம்?" என்றார். டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு இது தெரியும். வெட்டிய ஈரத்தோடு பார்த்தால் பழுப்பு. பெயரே பழுப்பு நிலக்கரி. 1961-ல் நெய்வேலியின் முதல் சுரங்கத்தில் மேல்மண்ணை நீக்கி முதன்முதலாக வெளியே கண்டது அந்தப் பழுப்பைத்தான். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் கருப்பு என்பார்கள். "புருவமும் அப்படித்தான். மண்டபத்துல கருப்பாத் தெரியும். சாண் தூரத்துல பழுப்பு. நீ சாணுக்குச் செய், மண்டபம் தானாப் பார்த்துக்கும்." பழுப்புப் பென்சிலைக் கூராகச் சீவி, முடி முளைக்கும் திசையில் ஒவ்வொரு முடியாக வரையச் சொன்னார். புருவத்தின் தொடக்கத்தில் கோடுகள் நிமிர்ந்து, நடுவில் சாய்ந்து, வால்பக்கம் படுத்துக்கொள்ளும். ஒரு புருவத்துக்கு இருபது நிமிடம் ஆனது. கை நடுங்காமலிருக்கச் சுண்டுவிரலில் பவுடர் பஃப்பை மாட்டிக்கொண்டு அதைப் பெண்ணின் கன்னத்தில் ஊன்றிக்கொள்வார்கள். தோலில் விரல் படாது, போட்ட மேக்கப் கலையாது, கைக்கும் ஒரு திண்ணை கிடைக்கும். இந்தச் சின்னப் பழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு என் வணக்கம்.

இமைக்கு மை இடும் பாடம் வந்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை பார்த்தவர். கோடையில் பெல்ட்டிலிருந்து எழும் கரித்தூள் அவர் முகமெல்லாம் படியும். வீட்டுக்கு வந்து முகம் கழுவித் துடைத்த பிறகும் இமைமுடியின் வேர்களுக்கிடையில் மட்டும் ஒரு மெல்லிய இருள் தங்கியிருக்கும். கோடாகத் தெரியாது. கண் பெரியதாகத் தெரியும், அவ்வளவுதான். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் திண்ணையில் காபியோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவின் கண்ணைப்போல அழகான கண்ணை நான் எந்தப் போஸ்டரிலும் பார்த்ததில்லை. அக்கா மேல் இமையை மெல்ல உயர்த்தி, முடிகளின் மேலே கோடு இழுக்காமல், முடிக்கும் முடிக்கும் இடையே புள்ளி புள்ளியாக மையைக் குத்திக் காட்டினார். அப்பாவுக்குச் சுரங்கம் செய்த அதே வேலை. "இது ஒரு சாண் தூரத்துக்கு. மை இட்டிருக்குன்னு மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது. கண்ணு மட்டும் தெரியணும்."

ஒரு பாய் தூரத்தின் பாடங்கள் வேறு மாதிரி. அங்கே எதிரி புகை. ஒரு நாள் அக்கா தூபக்காலில் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, ஒருவருக்கொருவர் மேக்கப் போட்ட நிலையில் எங்களைச் சுற்றி உட்கார வைத்தார். கால் மணி நேரம். கண் எரிந்து நீர் வழிந்தது. யார் மை கன்னத்துக்கு இறங்கியது என்று பார்த்தார், என்னுடையது இறங்கியது. கீழ் இமையில் மை இட்டபின் அதே நிறப் பவுடரை நுனிப் பிரஷ்ஷால் ஒற்றிப் பூட்டிவிட வேண்டும், அதை விட்டிருந்தேன். இன்னொரு நாள் வாழைப்பழமும் பாலும். தாலி கட்டியபின் பாலும் பழமும் கொடுப்பார்களே, உதட்டுச் சாயம் அதைத் தாண்ட வேண்டும். ஒரு பூச்சு, டிஷ்யூ வைத்து ஒற்றுதல், டிஷ்யூவின் மேலாகவே பவுடர், மறுபடி ஒரு பூச்சு. பழம் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக் காட்டினோம். அடுத்தது போட்டோ. சன்ஸ்கிரீனில் இருக்கும் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேரில் சரியாக இருந்த முகம் படத்தில் மாவு பூசியதுபோல் வெளுக்கும். விளக்கணைத்த அறையில் செல்போன் பிளாஷோடு ஒரு படம் எடுத்துப் பார்க்காமல் எந்தப் பெண்ணையும் அனுப்பக் கூடாது என்பது அக்காவின் சட்டம்.

மண்டபத் தூரத்தை மட்டும் அக்கா அதிகம் சொல்லித்தரவில்லை. அதை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன், கூத்தில். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழா என்றால் இரவெல்லாம் பாரதக் கூத்து. குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் தாத்தா ஊர். அங்கே கூத்துக்காரர்கள் வேஷம் கட்டும் கொட்டகைக்குள் ஓரமாக நிற்க எனக்கு அனுமதி உண்டு. ஒவ்வொருவரும் கையில் சின்னக் கண்ணாடி வைத்துக்கொண்டு தன் முகத்தைத் தானே எழுதுவார்கள். தேங்காயெண்ணெயில் குழைத்த வண்ணம். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. சிவப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகள் ஈர்க்குச்சியால் வரிசையாக விழும்; ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி மாறாது. தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம். பக்கத்தில் நின்று பார்த்தால் பூச்சில் வெடிப்பும் வேர்வையும் தெரியும். அதே முகம் திரைக்குமேல் எழுந்து களத்தில் வந்து நின்றால், ஊர்க்கோடியில் கோணிப்பை விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் துரியோதனனின் புருவம் எந்தப் பக்கம் ஏறியது என்று தெரியும். அரிதாரம் பூசுதல் என்கிறோமே, அந்த அரிதாரம் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம், நஞ்சு. அதை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் ஒரு காலத்தில் கடைசி வரிசைக்கு முகம் கொடுத்தார்கள். பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், பூச்சடை எல்லாம் கல்யாணப் பெண்ணின் கிரீடமும் புஜக்கட்டையும்தான். மண்டபத் தூரத்தை அவை பார்த்துக்கொள்ளும். அந்த தைரியத்தில் முகத்தை மெல்லிதாக விடலாம்.

சினிமாவில் சாண் தூரம் திரையளவு பெரிதாகிவிடுகிறது. 1996-ல் வந்த 'இந்தியன்', 'அவ்வை சண்முகி' இரண்டிலும் கமல்ஹாசனின் முகத்தைச் செய்தவர் ஹாலிவுட்டின் மைக்கேல் வெஸ்ட்மோர். ஔவை வேடத்தால் 'அவ்வை' என்ற பட்டத்தையே பெயரோடு சேர்த்துக்கொண்ட நாடக நடிகர் டி.கே. சண்முகத்தின் காலத்திலோ, ஆண் பெண்ணானது மேடையில், பல வரிசை தூரத்துக்கு. அரை நூற்றாண்டில் அந்த முகம் மண்டபத்திலிருந்து சாணுக்கு நெருங்கி வந்திருக்கிறது.

ஆனால் அந்தத் திரையுலகில் இந்த பிரஷ்ஷைப் பெண் பிடிக்க வெகுகாலம் விடவில்லை. மும்பை திரைத்துறையின் மேக்கப் கலைஞர் சங்கத்தில் பெண்களுக்குச் சிகை அலங்கார அட்டைதான் கிடைத்துவந்தது. மேக்கப் அட்டை ஆண்களுக்கு. முறையாகப் பயின்றுவந்த சாரு குரானா வழக்குப் போட்டார். 2014 நவம்பர் 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. கோடிக்கணக்கான பெண்கள் வீட்டில் பிள்ளைக்கு மையிட்டு, தங்கைக்குப் பின்னலிட்டு, மணப்பெண்ணுக்குக் கோலமிட்ட நாட்டில், அதையே கூலிக்குச் செய்ய நீதிபதிகள் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறார். தாள் பழுத்துவிட்டது. எடுக்க மனமில்லை என்பார்.

நான் முதன்முதலாக அக்காவோடு போன முகூர்த்தம் நாலரை ஆறு. அதிகாலை ஒன்றரைக்கு டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டி ஆட்டோவில் போனோம். முந்தைய மாலை வரவேற்புக்குப் போட்டதை முழுக்கக் கழுவியிருந்த பெண்ணின் முகம் தூக்கத்தில் லேசாக உப்பியிருந்தது. அக்கா ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றினார். பேச்சுக் குறைவு. "மூச்சை விடு கண்ணு", "மேலே பாரு", "இப்ப கீழே", இவ்வளவுதான். அவள் அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மூன்றாம் முறை வந்தபோது முகம் முடிந்திருந்தது. "எம் பொண்ணு மாதிரியே இருக்கா" என்றார். அக்கா அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான் என்று கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்த விதத்தில் தெரிந்தது.

கூரைப்புடவை மாற்றி, மாலைக்கு இடம் விட்டு நகை பூட்டி, பூச்சடையைத் தைத்து முடித்தபோது, கழுத்தின் பின்புறம் என் கண்ணில் பட்டது. முகத்துக்கும் முன்கழுத்துக்கும் பவுண்டேஷன் இருக்கிறது, பிடரியில் இல்லை. விட்டுவிட்டோம் என்று நினைத்து ஸ்பாஞ்சை எடுத்தேன்.

"அங்க வேணாம்" என்றார் அக்கா. "தாலி முடிச்சு விழற இடம். புது மஞ்சக் கயித்துல மேக்கப் ஒட்டக் கூடாது."

ஈரத்துணியால் பிடரியை ஒருமுறை ஒற்றி எடுத்தார். மண்டபத்தில் மேளம் கெட்டிமேளமாக மாறியபோது நாங்கள் தூணோரம் நின்றோம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, நாத்தனார் சடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கேமரா, அட்சதை வைத்திருந்த கைகள், கடைசி வரிசைவரை எழுந்து நின்ற தலைகள், எல்லாம் அந்த ஒரு சாண் இடத்தைப் பார்த்தன. அங்கே அவளுடைய தோலும், கழுவியும் போகாத கொஞ்சம் நலங்கு மஞ்சளும் இருந்தன.